இந்தக் கல் எந்தப் பிரிவு?

விதி இதுதான்: ஒரு மனு தன் அலுவலகத்துக்கு உரியதல்ல என்று தெரிந்தால், அதைப் பெற்றுக்கொண்ட அலுவலகமே உரிய அலுவலகத்துக்கு அனுப்பிவைக்க வேண்டும், அனுப்பிய விவரத்தை மனுதாரருக்கு ஒரு வரியில் தெரிவிக்க வேண்டும். "உரிய அலுவலகத்தை அணுகவும்" என்று எழுதித் திருப்பிவிடக் கூடாது.

புதிதாகச் சேர்ந்த குமாஸ்தாக்களுக்கு இந்த விதியைப் பல வருடங்கள் நான்தான் வகுப்பெடுத்தேன். நன்றாகவே எடுப்பேன். 'உரிய' என்ற சொல் வரும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்துவேன். உரிய அலுவலகம் எது என்று யாருக்குமே தெரியாவிட்டால் என்ன செய்வது என்று ஒரு குமாஸ்தாகூடக் கேட்டதில்லை. எனக்கும் தோன்றியதில்லை, ஒரு கல் வந்து சேரும்வரை.

குழியின் கிழக்குச் சுவர்

ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய சத்தியவேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கே கன்னியம்மா, முனிரத்தினம் என்று ஒரு தம்பதி. இரண்டு தலைமுறையாகப் பிறர் கொல்லையில் (விளைநிலத்தை இந்தப் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள்) கூலி வேலை செய்த குடும்பம். நிலமில்லாதவர்களுக்கு அரசு கொடுக்கும் டி.கே.டி. பட்டாவில் ஓர் ஏக்கர் கிடைத்திருந்தது. அந்த நிலத்தை விற்கக் கூடாது. நிபந்தனை மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளும். அதில் எழுபது மாங்கன்று நட்டிருந்தார்கள். கன்றுக்குத் தண்ணீர் வேண்டும் என்பதற்காக, கொல்லையின் தாழ்ந்த மூலையில் பண்ணைக் குட்டை தோண்டும் வேலை, ஊரக வேலைத் திட்டத்தில் அனுமதியாகியிருந்தது.

நாலடி ஆழத்தில் கடப்பாரை ஒரு பலகைக்கல்லில் மோதியது. மேல்படலம் உரிந்து விழுந்தது. உள்ளே இலைகள்.

நான் அப்போது வருவாய்க் கோட்ட அலுவலகம் ஒன்றில் சூப்பிரண்டு. எந்தக் கோட்டம் என்று சொல்லப் போவதில்லை. அங்கே எனக்கு இன்னும் நண்பர்கள் இருக்கிறார்கள். அதிகாரி விடுப்பில் இருந்ததால் ஜீப்பில் நான் போனேன்.

குழிக்குள் இறங்கிப் பார்த்தேன். கிழக்குச் சுவரில், வெளிறிய களிமண் நிறக் கல்லில், விரல் நீளத்தில் பத்துப் பதினைந்து இலைகள். நடுநரம்பின் இரண்டு பக்கமும் சீப்புப் பல் போல அடுக்கு. யாரோ நேற்று மாலை பறித்து வைத்து அழுத்தியது மாதிரி அவ்வளவு சுத்தம். ஈர மண்ணின் வாசனை மூக்கில் ஏறியது.

"இன்னா சார் இது? செதுக்கினதா, மொளச்சதா?" என்று மேலேயிருந்து முனிரத்தினம் கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. தெரியாததை ஒப்புக்கொள்வதற்கு அலுவலகத்தில் ஒரு வாக்கியம் உண்டு. அதை அன்றே ஜீப்பில் உட்கார்ந்து எழுதினேன்: "மேற்படி பொருள் எப்பிரிவைச் சேர்ந்தது என முடிவாகும் வரை வேலையை நிறுத்திவைக்க வேண்டும்."

கன்னியம்மா அப்போது நாற்பதைத் தொட்டிருக்க மாட்டார். தலைத்துண்டை அவிழ்த்து முகம் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"எத்தினி நாளு சார்?"

"பத்து நாள். அதுவரைக்கும் யாரும் தொடாம பாத்துக்கம்மா."

அந்தக் கடைசி வாக்கியம் எழுத்தில் இல்லை. வாயால் சொன்னது. பிறகு நடந்ததெல்லாம் அதனால்தான்.

இரண்டு ரேக்குகள்

எங்கள் பதிவறையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இரும்பு ரேக்குகள். ஒன்றில் 'அறிவியல்' என்று எழுதியிருக்கும், மற்றதில் 'பண்பாடு'. எழுதியவர் எனக்கு முன்னால் இருந்தவர்.

அறிவியல் ரேக்கில் இருந்தவை: பள்ளிக் கண்காட்சி, கொசுமருந்து, இடிதாங்கி, மாம்பழக்கூழ் ஆலையின் கழிவுநீர் அறிக்கை, செல்போன் கோபுரத்தால் சிட்டுக்குருவி காணாமல் போனது பற்றிய புகார். பண்பாட்டு ரேக்கில்: கங்கம்மா ஜாத்திரை, மாடு விடும் விழா, பாரதக் கூத்துக்கு ஒலிபெருக்கி அனுமதி, அந்த ஒலிபெருக்கியை எதிர்த்து வந்த மனு.

ரேக் இரண்டுதான். ஆனால் மனிதர்கள் அனுப்பும் காகிதங்கள் அந்த இரண்டுக்குள் அடங்கியதில்லை. சாந்திபுரத்திலிருந்து ஒரு பெற்றோர், சந்திர கிரகணத்தன்று பரீட்சை வைக்கக் கூடாது என்று எழுதியிருந்தார். கிரகணம் அறிவியல். பரீட்சை கூடாது என்பது பண்பாடு. நான் அதைப் 'பரீட்சைகள்' என்று புதுக் கோப்பு திறந்து அதில் வைத்தேன். என் நாற்பது வயதுகளின் பெரிய சாதனைகளில் அது ஒன்று.

ராக்கெட் விடுகிறவர்கள் விடுவதற்கு முன்னால் அதன் சிறு மாதிரியைத் திருப்பதி மலைக்குக் கொண்டுவந்து சாமி முன்னால் வைத்து வணங்குவது இங்கே எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். அப்படி ஒரு வருகைக்கு வாகன ஏற்பாடு கேட்ட கடிதம் ஒரு முறை என் மேஜைக்கு வந்தது. எந்த ரேக் என்று என் உதவியாளர் கேட்டார். நான் 'வாகனம்' என்று எழுதினேன். தப்பித்தல் ஒரு கலை என்றால், அதையும் பண்பாட்டு ரேக்கில் வைக்கலாம்.

கல்லுக்கு மட்டும் அப்படி ஒரு மூன்றாவது பெயர் கிடைக்கவில்லை.

மஞ்சள்

பத்து நாள் என்று சொன்னேன். ஆறு வாரம் கழித்துப் போனேன்.

குழி ஓரத்தில் நாலு செருப்பு கழற்றிக் கிடந்தது. உள்ளே கிழக்குச் சுவரில் கல் முழுக்க மஞ்சள். நடுவில் ரூபாய் அளவுக்குக் குங்குமம். ஊதுபத்திச் சாம்பல். எலுமிச்சம் பழம். இலைகள் மஞ்சளுக்கு அடியில் மங்கலாகத் தெரிந்தன, போர்வைக்குள் படுத்திருப்பவரின் முழங்கால் தெரிவது போல.

"என்னம்மா இது?"

"நீங்கதான சார் யாரும் தொடக் கூடாதுன்னீங்க?" கன்னியம்மா ஆச்சரியமாகக் கேட்டார். "ஆடு வந்து ஒரசுது. பசங்க கல்லால இடிக்கிதுங்க. சொன்னா கேக்கல. மஞ்சா பூசிட்டன். அப்பால ஒருத்தன் கிட்ட வரல."

"பூசச் சொல்லலையே நான்."

"வேற எப்பிடி சார் காவந்து பண்றது? போர்டு வச்சா படிக்கத் தெரிஞ்சவனே அதும்மேலதான் ஒண்ணுக்குப் போறான்."

எங்கள் அலுவலக மதில் சுவருக்கும் இதே பிரச்சினை இருந்தது. எச்சரிக்கைப் பலகை வைத்தோம், பலிக்கவில்லை. கடைசியில் மூன்று மதத்துச் சாமி படங்களையும் டைல்ஸ் கல்லாக வாங்கி ஒட்டினோம். அந்தக் கோப்பில் கையெழுத்து என்னுடையது. தலைப்பு: சுகாதாரம்.

ஆக, பாதுகாப்பு முறையில் அவர் செய்தது தவறில்லை. விளைவுதான் விபரீதம். அதுவரை மண்ணில் கிடந்த கல், இப்போது சாமி. செவ்வாய்க்கிழமைகளில் பக்கத்து ஊரிலிருந்து பெண்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். முனிரத்தினம் மட்டும் அதன் முன்னால் கும்பிடவில்லை.

"எங்க கொல்லையில வந்து கீற சாமி, எங்க கன்னுக்குத் தண்ணி குட்க்காம ஒக்காந்துகினு கீது," என்றார். "நான் இன்னாத்துக்குக் கும்புடணும்?"

ஐந்து அலுவலகங்கள்

நான் எழுதியது மூன்று இடங்களுக்கு. அவர்கள் எழுதியதில் ஐந்தாயிற்று.

தாவரவியல் பிரிவு ஒன்று, இது கல், எனவே நிலவியலுக்கு உரியது என்றது. நிலவியல், இலைகள் காணப்படுவதால் தாவரவியலின் கருத்து அவசியம் என்றது. தொல்பொருள்காரர்கள், மனிதக் கை படாத பொருள் தங்களுடையதல்ல என்றார்கள். ஆனால் புகைப்படத்தில் குங்குமம் தெரிவதால் வழிபாட்டின் வயதைத் தெரிவிக்கும்படி கேட்டார்கள். வழிபாட்டின் வயது ஆறு வாரம் என்று எழுதினேன். அறநிலையத்துக்காரர்கள், கோயில் பதிவேட்டில் இல்லாத சாமிக்குத் தாங்கள் பொறுப்பல்ல, ஆனால் அதை நகர்த்தத் தங்கள் சம்மதம் தேவைப்படலாம் என்றார்கள். 'தேவைப்படலாம்' என்ற சொல்லில் மட்டும் ஒரு வருடம் போனது.

ஐந்தாவது, புதையல் சட்டத்தைப் பார்க்கும் பிரிவு. தங்கம் இருக்கிறதா என்று கேட்டது. இல்லை என்றதும் ஆர்வம் இழந்தது.

அவர்களைக் குறை சொல்லி இன்று எழுதுவது எளிது. ஒவ்வொரு கடிதமும் சரியான கடிதம். ஒவ்வொருவரும் தன் துறையின் எல்லையை ஒழுங்காகக் காட்டியிருந்தார்கள். அந்த எல்லைகளுக்கு நடுவில் ஒரு குட்டை அளவுக்கு இடம் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடந்தது. அதைத் திறந்துவிட்ட உத்தரவு என்னுடையது.

இதற்குள் மாவட்டத்தை இரண்டாகப் பிரித்தார்கள். சத்தியவேடு திருப்பதிப் பக்கம் வந்தது. சித்தூரிலிருந்து கோப்புகளை மூட்டை கட்டி லாரியில் ஏற்றினோம். எனக்கும் ஒரு மாலை போட்டு, ஒரு கைக்கடிகாரம் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். கல்லின் கோப்பு எந்த மூட்டையில் போனது என்று எனக்குத் தெரியாது.

கோடைகள் இரண்டு போயின. கன்னியம்மா பக்கத்துக் கொல்லை போர்வெல்லிலிருந்து சைக்கிளில் குடம் கட்டிக் கன்றுகளுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். காலையில் ஆறு நடை. ஒரு கன்றுக்கு ஒரு சொம்பு. முதல் கோடையில் பத்தொன்பது பட்டுப்போயின. இரண்டாவதில் எத்தனை என்று அவர் எனக்குச் சொல்லவில்லை. நானே எண்ணிப் பார்த்தேன்.

ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு மனு எழுதிக் கொடுப்பவன் நான்தான். முதல் முறை திருப்பதியில் என் வீட்டுக்கு வந்தபோது, பதில் முகவரியாக என் முகவரியையே போடச் சொன்னார்.

"உங்க ஆபீசு காயிதம் உங்களுக்குத்தான் சார் புரியும். நீங்க எய்தனதுதானே."

கிண்டலாகச் சொன்னாரா என்று முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை.

பூ பார்க்காத செடி

நான்கு மனுக்களுக்குப் பிறகு ஒரு மனிதர் வந்தார். திருப்பதியில் ஒரு கல்லூரியில் நிலவியல் சொல்லிக்கொடுக்கும் லாவண்யா. உத்தரவோடு வரவில்லை, என் நண்பர் மூலம் கேள்விப்பட்டு, ஞாயிற்றுக்கிழமை சொந்த ஸ்கூட்டரில் வந்தார். தெலுங்குக்காரப் பெண்; தமிழ் கொஞ்சம் பேசுவார்.

குழிக்குள் இறங்கி மஞ்சளைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "அய்யோ, எவரம்மா இதி பூசினது?"

"நான்தாம்மா. காவந்துக்கு."

லாவண்யா மேலே ஏறினார். செருப்பைக் கழற்றி மேலே வைத்துவிட்டு வந்தார். பையிலிருந்து மென்மையான தூரிகை எடுத்து, கன்னியம்மாவைப் பார்த்து, "ஒரு ஓரம் மட்டும் தொடைக்கவா?" என்று கேட்டார்.

"தொடைம்மா. ஒன்னும் சொல்லாது."

ஓர் ஓரத்தில் இலை மறுபடி வந்தது. லாவண்யா லென்ஸ் வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு லென்ஸைக் கன்னியம்மாவிடம் கொடுத்தார்.

இது செதுக்கியதல்ல, நிஜமான செடி என்றார். இந்தப் பக்கம் அந்தக் காலத்தில் கடலோரம், சேற்றில் விழுந்து மூடிப்போனது. எத்தனை காலம் என்றால், மாடு இல்லை, மனிதன் இல்லை. மல்லி, தாமரை, மாம்பூ எதுவுமே இந்த மண்ணில் பூக்காத காலம். இந்தச் செடி பூவே பார்த்திருக்காது.

கன்னியம்மா லென்ஸைக் கண்ணிலிருந்து எடுக்காமலே கேட்டார்: "பூவே இல்லியா? அப்ப சாமிக்கு இன்னா வச்சாங்க?"

"சாமியே அப்புறம்தான் அம்மா."

"அப்பிடியா?" என்றார் கன்னியம்மா. கோபப்படவில்லை. கேட்டதை உள்ளே எங்கேயோ எடுத்து வைத்துக்கொண்டது போலிருந்தது.

போகும்போது லாவண்யா சொல்லிவிட்டுப் போனார்: இதை எடுக்கவே நேர்ந்தால், எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் வடக்கு என்று கல்லிலேயே குறித்து, சுற்றிலும் ஒரு சாண் விட்டு வெட்டி, ஈரக் கோணியில் சுற்றி எடுக்க வேண்டும். தன் கல்லூரிக்கு எடுத்துப்போக அனுமதி கேட்டு எழுதுவதாகவும் சொன்னார். எழுதினார். ஆறாவது அலுவலகமாக அவரும் பதிலுக்குக் காத்திருக்க ஆரம்பித்தார்.

உத்தரவு

ஆவணி மாதக் கடைசியில் கன்னியம்மா போன் செய்தார். "நாளைக்கு வாங்க சார். சாமிகிட்ட பூ கேக்கறன்."

போனேன். இங்கே எல்லைப் பக்கத்து ஊர்களில் இது சாதாரண நடைமுறை. ஈர மஞ்சளில் வலப்பக்கம் ஒரு பூ, இடப்பக்கம் ஒரு பூ ஒட்டுவார்கள். வலது முதலில் விழுந்தால் சம்மதம். இடது விழுந்தால் கூடாது. மேல்முறையீடு கிடையாது.

வேலையாட்கள் ஆறு பேர் கடப்பாரையோடு கரையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் கன்னியம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, சொல்ல வேண்டியதைச் சொன்னேன். நிறுத்த உத்தரவு இன்னும் அமலில் இருக்கிறது. மீறித் தோண்டினால் நிபந்தனை மீறல் என்று பட்டாவையே ரத்து செய்யலாம். குட்டை மட்டுமல்ல, கொல்லையே போகும்.

"பட்டா காயிதத்துல கீது சார்," என்றார். "கன்னு கொல்லையில செத்துகினு கீது."

"பூ இடது பக்கம் விழுந்தா?"

"தோண்ட மாட்டன். கன்னு போனா போவுது. கேட்டுட்டு அப்பால ஏமாத்தக் கூடாது."

இரண்டு அரளிப் பூ ஒட்டினார். கையெடுத்துக் கும்பிட்டு, கல்லிடம் நேராகப் பேசினார், பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவது போல.

"நீ பூவே பாத்ததில்லன்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சு. தோ, ரெண்டு பூ வச்சிகீறன். பாத்துக்க. பாத்துட்டுச் சொல்லு. இந்தக் குழிய வுட்டு மேல வேப்ப மரத்தாண்ட வர்றியா?"

காற்று இல்லை. எல்லோரும் பூவையே பார்த்துக்கொண்டிருந்தோம். வெயில் ஏறியது. மஞ்சள் காயக் காயப் பூ இறுகிக்கொள்ளும் என்று நான் கணக்குப் போட்டேன்.

"கொஞ்சம் ஊதி வுடட்டா மே?" என்றார் முனிரத்தினம்.

"வாய மூடிகினு நில்லுய்யா."

நான் முப்பது வருடத்துக்கு மேல் அலுவலகங்களில் பதிலுக்காகக் காத்திருந்திருக்கிறேன். அன்றுதான், பாதகமான பதில் வந்தால் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளத் தயாராக ஒருவர் கேள்வி கேட்பதை அருகிலிருந்து பார்த்தேன். லென்ஸ் வைத்துப் பார்த்த லாவண்யாவிடமும் அதே நிற்பு இருந்தது. இல்லை என்று வந்தாலும் வாங்கிக்கொள்ளும் நிற்பு. அந்தக் கல்லைப் பற்றி நாங்கள் எழுதிய கடிதங்களில் ஒன்றுகூட அதனிடம் எதையும் கேட்கவில்லை.

வலது பூ விழுந்தது.

முனிரத்தினம் முதல் முறையாகக் கல்லைக் கும்பிட்டார். ஆட்கள் எழுந்தார்கள். நான் எதிர்ப்புத் தெரிவித்திருக்க வேண்டும். அதற்குப் பதில், "இருங்க, வடக்குக் குறிக்கணும்," என்று சொன்ன குரல் என்னுடையதுதான். சுண்ணாம்புக்கட்டியால் அம்புக்குறி போட்டோம். ஒரு சாண் விட்டு வெட்டினார்கள். ஈரக் கோணியில் சுற்றி, ஏழு பேர் சேர்ந்து ஏற்றினோம். ஏழாவது ஆள் நான். ஒரு மூலை மட்டும் உடைந்தது. இலை இல்லாத மூலை.

வேப்ப மரத்தடியில் இறக்கியதும் காகிதம் கேட்டேன். ஒரு பொருளை இடம் மாற்றினால் பஞ்சநாமா எழுத வேண்டும்: என்ன பொருள், எங்கிருந்து எங்கே, எந்த நிலையில், சாட்சிகள் யார். எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதினேன். 'யாருடைய உத்தரவின் பேரில்' என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

"யார் உத்தரவுன்னு எழுதறது?"

"இன்னா சார் நீங்க? பக்கத்துல நின்னுகினுதானே பாத்தீங்க?" என்றார் கன்னியம்மா.

"மேற்படி பொருளின் சம்மதத்தின் பேரில்" என்று எழுதினேன். ஐந்து சாட்சிகள் கையெழுத்திட்டார்கள். ஆறாவதாக என் பெயரையும், 'ஓய்வு' என்ற சொல்லையும் எழுதினேன். ஒளிநகல் எடுத்து எல்லா அலுவலகங்களுக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினேன். மறைத்துச் செய்தால் குற்றம்; தெரிவித்துச் செய்தால் அது கோப்பு.

பழுப்பு உறை

குட்டை பன்னிரண்டு நாளில் முடிந்தது. ஐப்பசி மழையில் நிரம்பியது. ஆனால் கிராமத்தில் ஒரு பேச்சு கிளம்பியது: பட்டா போகப் போகிறது, அந்த நிலத்துக்கு வேறு ஒருவர் ஏற்கெனவே மனு போட்டுவிட்டார் என்று. முனிரத்தினம் பத்து நாள் மனைவியோடு பேசவில்லை. கன்னியம்மா பட்டுப்போன கன்றுகளின் குழியில் புதுக் கன்று வைக்காமல் இருந்தார். நிலம் யாருடையது என்று தெரியாமல் எப்படி வைப்பது என்று என்னிடம் போனில் கேட்டார்.

ஒரு நாள் காலைத் தபாலில் வருவாய்க் கோட்ட அலுவலகத்திலிருந்து ஒரு பழுப்பு உறை வந்தது. கன்னியம்மா பெயர், என் முகவரி. அடுத்தவர் கடிதத்தை உடைக்கக் கூடாது. உடைக்காமலே சத்தியவேட்டுப் பஸ் ஏறினேன். அந்தப் பயணம் முழுக்க அது என் சட்டைப் பையில் கனத்தது. ரத்து உத்தரவுகள் எவ்வளவு மெல்லியதாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். இதுவும் ஒற்றைத் தாள்தான்.

கன்னியம்மா குட்டைக் கரையில் நின்றிருந்தார். உறையை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே கொடுத்தார். "நீங்களே ஒடைங்க சார். எனக்குக் கை வரல."

தெலுங்கில் நான்கு வரி. நின்றபடியே படித்தேன். பார்வையில் கண்ட பஞ்சநாமாவின்படி மேற்படி பொருளின் சம்மதம் பெறப்பட்டிருப்பது கவனத்தில் கொள்ளப்பட்டது. எனவே பொருளை இடம் மாற்றியதில் ஆட்சேபம் இல்லை. வேலை நிறுத்த உத்தரவு விலக்கப்படுகிறது. பட்டாவின் மீது மேல் நடவடிக்கை தேவையில்லை, கோப்பு முடிக்கப்படுகிறது.

நான் இரண்டாம் முறை படித்தேன், கிண்டல் எங்காவது இருக்கிறதா என்று. இல்லை. யாரோ ஒரு குமாஸ்தா, சம்பந்தப்பட்டவரின் சம்மதம் இருக்கிறதா என்று பார்த்து, இருக்கிறது என்று குறித்து, கோப்பைக் கட்டிவிட்டார். நடைமுறைப்படி முழுக்கச் சரி.

"கொல்ல எங்களுதுதானா சார்?"

"உங்களுதுதான்."

அவர் காகிதத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். பிறகு முனிரத்தினத்தைப் பார்த்துச் சத்தம் போட்டார்: "இன்னாய்யா நின்னுகினு கீற? போய் கடப்பாரைய எட்தா. கன்னு வைக்கணும்."

அன்று கார்த்திகை மாதம், இரண்டாவது செவ்வாய்க்கிழமை.